சிலம்புக் கொட்டில் பாதுகாக்கப்பட்ட வரலாறு

எங்கள் சிலம்புக் கொட்டிலைப் பாதுகாக்கச் சொல்லி அரசாங்கத்துக்கு விண்ணப்பம் எழுதியவன் நான்தான். ஊரில் ஒருவரும் கேட்கவில்லை, ஒருவரும் தூண்டவில்லை. வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டவன் வேறு யாரைத் திட்டுவது? ஆனாலும் திட்டத்தான் போகிறேன். வயிறு எரிகிறது.

என் பெயர் தில்லைநாதன். பருத்தித்துறைக்குக் கிழக்கே கடலோரக் குறிச்சி ஒன்றில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். அதோடு கொட்டிலுக்குச் செயலாளர். எங்கள் பூட்டன்மார் பாய்க்கப்பலில் பர்மாவின் அக்கியாப்புக்குப் போய் அரிசி ஏற்றிவந்த காலத்தில், கடற்கொள்ளைக்காரருக்குப் பயந்து கப்பற்காரர் எல்லாரும் சீனடி சிலம்படி பழகியிருக்கிறார்கள். அதற்கென்று கட்டியதுதான் கொட்டில். ஒரு முழத் தடிப்பில் நாலு மண்சுவர், மேலே தென்னோலை முடைந்த கிடுகுக் கூரை, உள்ளே கடல் மணல். இருநூறு வருடம் நின்றது. எப்படி நின்றதென்றால், வருடா வருடம் புரட்டாதி கடைசி ஞாயிறு வீட்டுக்கு ஐம்பது கிடுகு வந்துவிடும். விடியத் தொடங்கினால் பொழுதுபட முன்னர் வேய்ந்து முடித்துவிடுவோம். கழற்றிய ஓலை புகையிலைத் தோட்டத்துக்கு எருவாகப் போகும். மண்சுவருக்குத் தலை நனையக் கூடாது, நனைந்தால் கரைந்துவிடும். இது எங்கள் குறிச்சியில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

பிறகு ஏன் எழுதினாய் என்று கேட்பீர்கள். அயல் குறிச்சியார் தங்கள் வாசிகசாலைக்கு மந்திரி ஒருவரைக் கூப்பிட்டுக் கல்வெட்டுத் திறந்துவிட்டார்கள். பத்து வருடத்துக்கு முன் கட்டிய வாசிகசாலை! அதற்கு ஒரு கல்வெட்டு, இருநூறு வருடக் கொட்டிலுக்கு ஒன்றுமில்லை என்றால் சோறு இறங்குமா? 1972 தை மாதம், புராதன பயிலிடங்கள் பேணற் சபை என்று ஒன்று இருப்பதாகப் பேப்பரில் பார்த்தேன். எட்டுப் பக்கத்தில் எழுதிப் போட்டேன்.

"நீங்கள் எழுதி இதுவரை ஒண்டு உருப்பட்டிருக்கோ?" என்றாள் என் மனைவி மீனாம்பிகை. அவளுக்கு எப்போதும் இந்த வாய்தான்.

பங்குனியில் ஜீப் வந்தது. அதிலிருந்து சபையின் அத்தியட்சகர் கனகசபாபதி இறங்கினார். ஊர் கோப்பாய்ப் பக்கம்தான் என்றாலும் முப்பது வருடக் கொழும்புச் சீவியத்துக்குப் பிறகு இப்போதுதான் யாழ்ப்பாணக் கந்தோருக்கு மாறி வந்தவர். வெள்ளைக் காற்சட்டை, கையில் பூதக்கண்ணாடி. உள்ளே பழகிக்கொண்டிருந்த பெடியளை வெளியே போகச் சொல்லிவிட்டு, தாவாரத்தில் நின்று ஒரு கிடுகின் நுனியைக் கண்ணாடியால் கால் மணி நேரம் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"இருநூறு வருசம்," என்றார். "இருநூறு வருசத்து ஓலை. இதை முடைஞ்ச கை இப்ப எங்கை?"

"உது நாங்கள் போன புரட்டாதியிலை வேய்ஞ்ச ஓலை ஐயா," என்றேன். "முடைஞ்சது என்ரை மனிசி. கையும் வீட்டிலைதான் இருக்கு."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மிஸ்டர் தில்லைநாதன், கட்டடம் இருநூறு வருசம் எண்டு எழுதினது நீங்கள். கூரை கட்டடத்திலை சேர்த்தியோ, இல்லையோ?"

"சேர்த்திதான், ஆனால்..."

"பிறகென்ன ஆனால்? ஊராட்கள் சொல்லுறதைச் சபை சான்றாக எடுக்கிறதில்லை. எண்டாலும் பதிஞ்சு வைப்பம்." பக்கத்தில் நின்ற எழுதுவினைஞர், 'இவ்வோலையைத் தாமே சென்ற புரட்டாதியில் வேய்ந்ததாகச் செயலாளர் வாய்மூலம் தெரிவித்தார்' என்று எழுதி என்னிடம் கையொப்பம் வாங்கினார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என் பேச்சையும் கோப்பில் ஏற்றுகிறார்களே என்று நினைத்தேன்.

ஆவணியில் கடிதம் வந்தது. முத்திரை, சிங்கம், எல்லாம் இருந்தது. எழுத்து முழுக்கச் சிங்களம். எங்கள் குறிச்சியில் அதை வாசிக்கக்கூடியவர் பேக்கரி மாத்தயா ஒருவர்தான். மாத்தறைச் சிங்கள மனிதர், எங்களுக்கு இருபது வருடமாகப் பாண் போடுகிறவர். மாக் கையோடு கடிதத்தை வாங்கி வாசித்தார். நானும் சிவசுப்பிரமணியமும் பாண் சுடும் போறணைக்கு முன்னால் நின்றோம். சிவசுப்பிரமணியம் கொட்டிலில் இப்போது முதற்கம்பு பிடிக்கிறவன். இருபத்தைந்து வயது, தேக்கு மாதிரி உடம்பு, கோபமும் அப்படித்தான்.

"நல்ல கடதாசி ஐயா," என்றார் மாத்தயா. "உங்கடை கொட்டில் இப்ப தேசத்தின்ரை சொத்து. ஒரு ஓலை எடுக்கப்படாது. ஒரு ஓலை வைக்கப்படாது. உள்ளுக்குக் கால் வைக்கப்படாது, மணல் குழம்பும். மீறினால் மறியல் வீடு, ரெண்டு வருசம்."

"மழை வந்தால் என்ன செய்யட்டாம்?" என்று சிவசுப்பிரமணியம் கேட்டான்.

மாத்தயா கடிதத்தின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். "மழையைப் பற்றி ஒண்டும் இல்லை தம்பி," என்றார். அவர் முகத்தில் உண்மையான கவலை இருந்தது.

அந்தப் புரட்டாதி கடைசி ஞாயிறு வழக்கம்போல வீட்டுக்கு ஐம்பது கிடுகு வந்து குவிந்தது. யாரும் கூரையில் ஏறவில்லை. ஏற முடியாது. எங்களுக்குள் நாலு வாத்திமார், ஒரு தபாற்காரர், எல்லாம் அரசாங்கச் சம்பளம். சிவசுப்பிரமணியம் கப்பலுக்குப் போகப் பதிந்துவிட்டு, பொலிஸ் அறிக்கைக்குக் காத்திருந்தான். ஒரு வழக்கு விழுந்தால் அவன் சீவியம் முடிந்தது. எல்லாரும் கிடுகைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டார்கள். பெடியள் கடற்கரையில் பழகத் தொடங்கினார்கள்.

மாரியில் கூரை ஒழுகியது. அனுமதி கேட்டுப் பணிவாக எழுதினேன். 'தங்கள் கடிதம் கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது' என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். மறுபடியும் கவனத்தில் எடுத்தார்கள். ஆறாவது கடிதத்துக்கு ஒரு உத்தியோகத்தரையே அனுப்பினார்கள். ஓலைக்கட்டோடு வருவார் என்று பார்த்தால், தகட்டுக்கட்டோடு வந்தார். ஒவ்வொரு ஒழுக்குக்கும் நேர் கீழே நிலத்தில் இலக்கம் போட்ட தகடு ஒன்றை அடித்தார். நாற்பத்துமூன்று ஒழுக்கு. இரண்டு நாள் வேலை.

"பதினேழாம் இலக்கம் சுவருக்கு மேலை நேராய் விழுகுது தம்பி," என்றேன். "அந்த ஒண்டுக்கெண்டாலும் ஒரு கிடுகு செருக விடுங்கோ."

"ஐயோ, அது பதிஞ்சாச்சு அண்ணை," என்றார் அவர். "இனி அடைச்சால், பதினேழாம் இலக்கம் எங்கை எண்டு கணக்காய்வுக்காரன் என்னைத்தான் கேப்பான்."

சிவசுப்பிரமணியம் தன் மாமனின் தோணிப் பாயைக் கொண்டுவந்தான். ஓலையைத் தொடாமல் மேலே போர்த்துக் கட்டிவிட்டு, மழை விட்டதும் எடுத்துவிடலாம் என்பது அவன் யோசனை. அனுமதி கேட்டுத் தந்தி அடித்தேன். அத்தியட்சகர் பதில் எழுதினார்: தோணிப் பாய் கடல்சார் மரபில் அடங்கும், கடல்சார் மரபு வேறு பிரிவின் கீழ் வருவது, ஒரு மரபின் மேல் இன்னொரு மரபைப் போர்ப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. அதை வாசித்தபோது எனக்குத் தலை சுற்றியது. மீனாம்பிகை நான் கேட்காமலே தேத்தண்ணி தந்தாள். நிலைமை அவ்வளவு மோசம்.

எப்படியோ அந்த மாரி கழிந்தது. வடக்குச் சுவரின் தலை கரைந்து, ஒரு சாண் பதிந்துவிட்டது. அடுத்த மாரிக்குத் தாங்காது என்று சிறுவருக்கும் தெரிந்தது. 1973 புரட்டாதியில், இனிக் கடிதம் எழுதிப் பயனில்லை என்று யாழ்ப்பாணம் போய்ச் சபைக் கந்தோரில் அத்தியட்சகர் முன்னால் நின்றேன். கதிரை காட்டினார். நல்ல மனிதர்தான், அதுதான் இன்னும் எரிச்சல்.

"ஐயா, சுவர் விழப்போகுது," என்றேன்.

"விழப்போகுது எண்டு ஒரு நிலை எங்கடை படிவத்திலை இல்லை," என்றார். "சபைக்கு ரெண்டு நிலைதான் தெரியும். ஒண்டு, புராதனச் சின்னம் நல்லாயிருக்கு. நாங்கள் தொட மாட்டம். மற்றது, சின்னத்தை ஆரோ மாத்திப்போட்டினம். உடனை ஓடி வந்து, மாத்தினதை அகற்றி, பழையபடி மீட்டுக் குடுப்பம். பதினாலு நாளுக்குள்ளை! சபை செலவிலை! இந்தியாவிலை கூட இந்த வேகம் இல்லை."

"மழை மாத்தினால்?"

"மழை ஒரு ஆள் இல்லை. ஆள் மாத்தினதாய் முறைப்பாடு வரவேணும். இஞ்சை பாருங்கோ," என்று மேசை லாச்சியை இழுத்துக் காட்டினார். என்னுடைய பதினான்கு கடிதமும் அப்படியே கிடந்தன, சில உறை கூடக் கிழிக்காமல். "வேண்டுகோளை வாசிக்கிறதுக்கு எங்களுக்கு ஆளில்லை. முறைப்பாட்டை வாசிக்காமல் விட்டால் எங்களுக்கு எதிராய் முறைப்பாடு வரும். நாங்களும் மனிசர்தானே?"

பருத்தித்துறை பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குப் புத்தி வேலை செய்தது. சங்கக்கடை மனேச்சருக்கு மொட்டைப் பெட்டிசத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. சீனி நனைந்தது என்று ஒன்று, மாவில் வண்டு என்று ஒன்று, எனக்கு எதிராகவே ஏழு பெட்டிசம் போயிருக்கிறது. ஏழுக்கும் இரண்டாம் நாளே பரிசோதகர் வந்து நின்றார். எங்கள் ஊரில் அரசாங்கத்தை இழுத்து வருவதற்கு வேறு கயிறு இல்லை. கையெழுத்து இல்லாத கடிதம் ஒன்று போதும்.

அன்று பின்னேரமே எழுதினேன். 'இனந்தெரியாத நபர்கள் மேற்படி தேசியச் சின்னத்தின் புராதனக் கூரையைக் கழற்றிவிட்டு, வேறு ஓலையால் வேய்ந்துள்ளனர். மீட்டெடுக்குமாறு வேண்டுகிறேன். இப்படிக்கு, உண்மை விரும்பி.' ஒருவர் பெயரும் இல்லை, ஒருவருக்கும் பாதகம் இல்லை. வந்து பார்ப்பார்கள், ஓலை உக்கியிருப்பதைக் காண்பார்கள், பதினாலு நாளில் புதிதாக வேய்ந்து தருவார்கள். இதுதான் என் கணக்கு. நான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு நெல்லியடிக்குப் போய் அங்குள்ள பெட்டியில் போட்டேன்.

மூன்றாம் நாள் ஜீப் வந்தது. பின்னால் லொறி. அதில் எட்டு வேலையாட்கள். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. சிவசுப்பிரமணியத்தைக் கூப்பிட்டு இளநீர் இறக்கச் சொன்னேன்.

வேலையாட்கள் இளநீரைக் குடித்துவிட்டுக் கூரையில் ஏறி ஓலையைக் கழற்றி எறியத் தொடங்கினார்கள்.

"ஐயா, முதல்லை புது ஓலையை இறக்குங்கோவன்," என்றேன். லொறிக்குள் எட்டிப் பார்த்தேன். லொறி வெறுமை.

"மாத்தினதை முதல்லை அகற்ற வேணும்," என்றார் கனகசபாபதி. "அதுதான் ஒழுங்கு."

"மாத்தேல்லை ஐயா! இது அதே ஓலைதான். பாருங்கோ, உக்கிப் போச்சு. நீங்கள் கண்ணாடி வைச்சுப் பார்த்த அதே ஓலை!"

அத்தியட்சகர் கோப்பை விரித்தார். "'இவ்வோலையைத் தாமே சென்ற புரட்டாதியில் வேய்ந்ததாகச் செயலாளர் தெரிவித்தார்.' கையொப்பம் ஆற்றை?"

"என்ரைதான். ஆனால் அது போன வருசம் பங்குனியிலை..."

"அரசாங்க வர்த்தமானி அறிவித்தலிலை இருநூறு வருசத்து ஓலை எண்டிருக்கு. நீங்கள் வேய்ஞ்சது எண்டு நீங்களே ஒப்பம் வைச்ச ஓலை இது. அப்ப இருநூறு வருசத்து ஓலை எங்கை? முறைப்பாடு வந்த பிறகுதான் எனக்கு வெளிச்சம் பிறந்தது. அந்த முறைப்பாட்டுக்காரனைக் கும்பிட வேணும்." அவர் கோப்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எங்கடை சனத்துக்குள்ளையும் இப்பிடி ஒரு ஆள் இருக்கிறானே!"

பொழுதுபட முன்னர் கூரை முழுவதும் இறங்கிவிட்டது. கைமரமும் வளையும் விலா எலும்புபோல நின்றன. ஓலையை லொறியில் ஏற்றினார்கள். அது சான்றுப் பொருளாம். மீட்புக்கு வேண்டிய ஓலை எப்போது வரும் என்று கேட்டேன்.

"மீட்கிறது எண்டால் இருந்தபடி மீட்க வேணும்," என்றார். "இருநூறு வருசத்துக் கிடுகுக்கு விலை கேட்டுக் கேள்விப்பத்திரம் போட்டிருக்கு. ஆர் வைச்சிருந்தாலும் குடுக்கலாம். புது ஓலை போட்டால் அது மறுபடியும் மாத்தினதாய்ப் போகும். பிறகு அதையும் நான் கழற்ற வேணும். எனக்கும் களைப்பு இருக்காதோ?"

ஜீப் போனது. ஒரு பொலிஸ்காரரை மட்டும் காவலுக்கு விட்டுவிட்டுப் போனார்கள்.

ஐப்பசி பத்தாம் தேதி மழை பிடித்தது. எங்கள் பக்கத்து மாரி தூறல் போட்டுச் சொல்லிவிட்டு வருவதில்லை. கடலே எழும்பி வந்தமாதிரி வாடைக்காற்றோடு வடக்கிலிருந்து அடிக்கும். குறிச்சி முழுதும் கொட்டிலடியில் கூடிவிட்டது. தோணிப் பாயை நாலு மூலையில் பிடித்துக்கொண்டு சிவசுப்பிரமணியமும் பெடியளும் நின்றார்கள். பொலிஸ்காரர் குடைக்குள் நின்றார்.

"விடுங்கோ ராலாமி," என்றான் சிவசுப்பிரமணியம். "சுவரைப் பாருங்கோ. ஒருக்கால் போர்த்துவிட்டால் போதும்."

"எனக்கும் விளங்குது தம்பி," என்றார் அவர். வாழைச்சேனைப் பக்கத்துத் தமிழர், பாவம். "எனக்கும் ஊரிலை மண்வீடுதான். ஆனால் நீர் ஏறினால் நான் உம்மடை பேரை எழுத வேணும். கப்பலுக்குப் போற பிள்ளையாமே, உம்மடை கொம்மா காலமை வந்து என்னட்டை அழுதுபோட்டுப் போறா."

அவன் பாயைக் கீழே போட்டான். நான் அவனைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

நாலு நாள். மண்சுவர் இடிந்து விழும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. தோளை இறக்கி, இடுப்பை இறக்கி, மெல்ல உட்கார்ந்தது. முதலில் வடக்கு, பிறகு கிழக்கு. நாலாம் நாள் மழை விட்டபோது கொட்டில் இருந்த இடத்தில் செம்மண் சேறும், நடுவே விழுந்து கிடந்த கைமரங்களும்தான். ஐம்பது வயதில் நடுத்தெருவில் நின்று அழுதேன். எல்லாரும் அழுதார்கள் என்றபடியால் யாரும் என்னைத் தனியாகக் கவனிக்கவில்லை. அத்தியட்சகர் மறுநாளே வந்து சேற்றைக் கிளறச் செய்து, ஒழுக்குத் தகடுகளை எண்ணினார். நாற்பத்துமூன்றும் பழுதில்லாமல் இருந்தன. நிம்மதியாகத் திரும்பிப் போனார்.

தையில் கல்வெட்டு வந்தது. வாசிகசாலைக் கல்வெட்டைவிட இரண்டு மடங்கு பெரிது. சேறு காய்ந்து மேடாகியிருந்தது. சுற்றிக் கம்பிவேலி போட்டு, வாசலில் பந்தல் போட்டு, கதிரை அடுக்கி விழா வைத்தார்கள். அந்தப் பந்தலுக்குப் புதுக் கிடுகு போட்டிருந்தார்கள். மீனாம்பிகை அதை அண்ணாந்து பார்த்துவிட்டு எழும்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

கனகசபாபதி பேசினார். "சுவர் இருந்த காலத்திலை நாங்கள் சுவரைத்தான் பார்த்தம். இப்பதான் இடத்தைப் பார்க்கிறம். இனி இந்தச் சின்னத்துக்கு ஓலைப் பயமில்லை, ஒழுக்குப் பயமில்லை, கறையான் பயமில்லை. இதுக்கு மேலை ஒருத்தராலையும் இதுக்குத் தீங்கு செய்ய ஏலாது. எங்கடை சபை தொடங்கி ஒன்பது வருசத்திலை, முழுமையாய்ப் பாதுகாக்கப்பட்ட முதல் பயிலிடம் இதுதான் எண்டு பெருமையோடை சொல்லுறன்." தன் கையால் தானே தட்டினார்.

சனம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தது. அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"இதெல்லாம் ஒரு தனிமனிசனாலை வந்தது. 'உண்மை விரும்பி' எண்டு ஒரு பெட்டிசம். அது வந்திராவிட்டால் நாங்கள் இந்தப் பக்கம் திரும்பியும் பார்த்திருக்க மாட்டம். அந்த மனிசனுக்கு 'விழிப்புள்ள குடிமகன்' எண்டு சபை சான்றிதழ் வழங்குது. இந்தக் கூட்டத்திலைதான் இருப்பார். தயவுசெய்து மேடைக்கு வாருங்கோ."

பந்தலுக்குள் முந்நூறு தலையும் ஒரே நேரத்தில் திரும்பி ஒன்றையொன்று பார்த்தன. பின்னால் கம்புகளோடு நின்ற பெடியள் ஒருவரும் அசையவில்லை. சிவசுப்பிரமணியம் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தான். என் முகத்தைத் தாண்டிப் போனான்.

அத்தியட்சகர் ஐந்து நிமிடம் காத்திருந்தார். "தன்னடக்கம்," என்றார். "சரி. அவர் சார்பிலை கொட்டிலின்ரை செயலாளர் மிஸ்டர் தில்லைநாதன் வந்து பெற்றுக்கொள்ளுவார்."

எழும்பினேன். மேடைக்குப் போய் இரண்டு கையாலும் வாங்கினேன். மாலையும் போட்டார்கள். கீழே நின்ற சனம் என்னைப் பார்த்த பார்வையை என்னால் இன்றைக்கும் தாங்க முடியாது. அவ்வளவு இரக்கம்.

இறங்கி வந்ததும் சிவசுப்பிரமணியம் என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"பாவம் அண்ணை நீங்கள்," என்றான். "ரெண்டு வருசம் கடிதம் எழுதி எழுதி அலைஞ்ச உங்களை, உந்த நாயின்ரை கடதாசியை வாங்க வைச்சிட்டாங்கள்."

"கிழிச்சுப் போடவோ தம்பி?" என்றேன்.

"வேண்டாம். வைச்சிருங்கோ." சான்றிதழை நாலாக மடித்து அவனே என் சட்டைப் பைக்குள் வைத்தான். "நான் கப்பலாலை திரும்பி வரேக்கை எண்டாலும் ஆளைக் கண்டுபிடிப்பன். கண்டுபிடிச்சு, உதை அவன்ரை வாயாலை தின்ன வைப்பன். அதுமட்டும் பத்திரமாய் வைச்சிருங்கோ அண்ணை. உங்களை விட்டால் நம்பிக் குடுக்க எனக்கு ஆரும் இல்லை."

அவன் மாசியில் கப்பலேறினான். நான் சான்றிதழை அலுமாரியில், சேலைகளுக்கு அடியில், ஒழுக்குப் படாத இடத்தில் வைத்திருக்கிறேன். புரட்டாதி வந்தால் எடுத்துப் பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்ப்பேன். இதுவரை ஒரு பழுதும் இல்லை.